காலாவதிக்காகக் காத்திருந்த கருவிகள்

மென்பொருள் காப்புரிமையும் கட்டற்ற தரவுக் காட்சிக் கருவிகளும்: அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்

வி.டி.கே. என்று சுருக்கமாக வழங்கும் ‘விஷுவலைசேஷன் டூல்கிட்’ உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் புழங்கும் கட்டற்ற நிரல் தொகுப்பு. ஸ்கேன் படங்களிலிருந்து எலும்பை முழு உருவமாக எழுப்பிக் காட்டுவதற்கும், காற்றோட்டத்தைக் கோடுகளாக வரைவதற்கும், வெப்பம் பரவுவதை நிறங்களில் காட்டுவதற்கும் அதுதான் அடித்தளம். அதன் பழைய பதிப்புகளின் மூல நிரலைத் திறந்தால் ‘பேட்டன்டட்’ என்ற பெயரில் தனிக் கோப்புறை ஒன்று இருக்கும். உள்ளே இருந்த கோப்புகளின் தலைமாட்டில் ஓர் அறிவிப்பு: இந்த வழிமுறை அமெரிக்கக் காப்புரிமைக்கு உட்பட்டது, வணிக நோக்கில் பயன்படுத்த ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் உரிமம் வேண்டும்.

நிரல் கண்முன்னே இருந்தது. யாரும் படிக்கலாம், நகலெடுக்கலாம், திருத்தலாம். பதிப்புரிமைச் சட்டத்தின்படி எந்தத் தடையும் இல்லை. ஆனால் அதை ஓட்டிச் சம்பாதிக்க முனைந்தால் காப்புரிமைச் சட்டம் குறுக்கே நிற்கும். ஒரு சட்டம் திறந்துவிட்ட கதவை இன்னொரு சட்டம் சாத்தி வைத்திருந்தது.

இந்தச் சொற்பொழிவின் பொருள் அந்தக் கோப்புறையும் அதைப் போன்ற வேறு சிலவும்தான். மென்பொருள் காப்புரிமை என்றதும் நீதிமன்றமும் கோடிக்கணக்கான இழப்பீடும்தான் பலர் நினைவுக்கு வரும். தரவுக் காட்சிக் கருவிகளின் வரலாற்றிலோ பெரிய சேதம் நீதிமன்றத்துக்கு வெளியே நடந்தது: எழுதாமல் விட்ட நிரல்கள், சுற்றுவழியாக எழுதிய நிரல்கள், எழுதி முடித்தும் அணைத்து வைத்த நிரல்கள். அவற்றை மூன்று நிகழ்வுகள் வழியே பார்க்கலாம்.

கனசதுரங்களின் அணிவகுப்பு

ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஆய்வு மையம் நியூயார்க் மாநிலத்தில் நிஸ்கயுனா என்ற ஊரில் இருந்தது. 1980களின் நடுவில் அங்கே பணியாற்றிய வில்லியம் லோரன்சன், ஹார்வி கிளைன் இருவரும் ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டினார்கள். சி.டி. ஸ்கேன் கருவி உடலை அடுக்கடுக்காகச் சீவியதுபோலப் படங்களைத் தருகிறது. அந்த அடுக்குகளிலிருந்து எலும்பின் மேற்பரப்பை எப்படி எழுப்புவது?

அவர்கள் கண்ட விடை வியப்பூட்டும் அளவுக்கு எளிது. அடுத்தடுத்த இரண்டு அடுக்குகளில் நான்கு நான்கு புள்ளிகளாக எட்டுப் புள்ளிகளை எடுத்தால் ஒரு சிறு கனசதுரம் கிடைக்கும். ஒவ்வொரு முனையிலும் அடர்த்தி குறிப்பிட்ட அளவுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எட்டு முனைகள், முனைக்கு இரண்டு நிலைகள். ஆக 256 சேர்க்கைகள். திருப்பியும் புரட்டியும் பார்த்து ஒன்றுபோல் இருப்பவற்றைச் சேர்த்துவிட்டால் மிஞ்சுபவை 15. ஒவ்வொன்றுக்கும் எந்த விளிம்புகளை வெட்டி எப்படி முக்கோணம் போடுவது என்று முன்கூட்டியே ஓர் அட்டவணை எழுதி வைத்துக்கொண்டால் போதும். கணினி கனசதுரம் கனசதுரமாக நடந்து போய் முழு மேற்பரப்பையும் முக்கோணங்களால் மூடிவிடும். ‘மார்ச்சிங் கியூப்ஸ்’ என்ற பெயர் அந்த நடையால் வந்தது.

1985 ஜூன் 5 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1987இல் சிக்கிராஃப் மாநாட்டில் கட்டுரை வெளியானது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று 4,710,876 என்ற எண்ணில் காப்புரிமை வழங்கப்பட்டது. கணினி வரைகலையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் அந்த மாநாட்டுக் கட்டுரையும் ஒன்று.

இதற்கிடையே, மாநாட்டுக் கட்டுரை வெளிவருவதற்கு முன்பே, 1986இல் ஜெஃப் வைவில், கிரெய்க் மெக்ஃபீட்டர்ஸ், பிரையன் வைவில் என்ற மூவர் வேறொரு தேவைக்காக ஏறத்தாழ இதே பாதையில் போயிருந்தார்கள். குழைவான உருவங்களைத் திரையில் வரைய, வெளியைக் கனசதுரங்களாகப் பிரித்து மேற்பரப்பைக் கண்டுபிடிக்கும் முறையை அவர்கள் ஆய்விதழில் வெளியிட்டார்கள். யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. பதிப்புரிமையில் இது பிரச்சினையே அல்ல. தானாக எழுதியவர் தப்பித்துக்கொள்வார். காப்புரிமையில் தானாகக் கண்டுபிடித்தேன் என்பது மீறலுக்கு எதிரான வாதம் ஆகாது. முதலில் உரிமை பெற்றவர் பக்கமே சட்டம் நிற்கும்.

கதையின் சுவையான திருப்பம் 1993இல் வருகிறது. லோரன்சனும் அவருடைய சக ஆய்வாளர்களான வில் ஷ்ரோடர், கென் மார்ட்டின் ஆகியோரும் காட்சிப்படுத்தல் பற்றி ஒரு பாடநூல் எழுத முனைந்தார்கள். நூலுக்குத் துணையாக அவர்கள் எழுதிய நிரல்தான் வி.டி.கே. நூல் 1996இல் வெளிவந்தது. 1998இல் அந்த நிரலைச் சுற்றிக் கிட்வேர் என்ற நிறுவனம் எழுந்தது. ஆக, மார்ச்சிங் கியூப்ஸைக் கண்டுபிடித்தவரே அதைக் கட்டற்ற கருவியில் சேர்த்தவர். ஆனாலும் காப்புரிமை அவருடையதல்ல, அவர் வேலை பார்த்த நிறுவனத்துடையது. தான் கண்டுபிடித்த முறையை, தானும் சேர்ந்து எழுதிய தொகுப்பில், எச்சரிக்கை ஒட்டிய தனிக் கோப்புறையில் வைக்க வேண்டியிருந்தது.

லட்சக்கணக்கான முக்கோணங்களைக் குறைத்து உருவத்தை இலகுவாக்கும் முறையை ஷ்ரோடரும் லோரன்சனும் இன்னொருவரோடு சேர்ந்து 1992இல் வெளியிட்டிருந்தார்கள். அதுவும் காப்புரிமைக் கோப்புறைக்குள் போனது. அதே வேலையைச் சற்று வேறு விதமாகச் செய்யும் ‘டெசிமேட் புரோ’ வெளியே இருந்தது. மருத்துவப் படங்களுக்கான ஐ.டி.கே. தொகுப்பிலும் இதே ஏற்பாடு. பென்சில்வேனியாவில் பிறந்த ‘ஃபஸி கனெக்டட்னெஸ்’ என்ற பகுப்பு முறை அங்கே காப்புரிமைக் கோப்புறையில் கிடந்தது. தொகுப்பைக் கட்டும்போது அந்தப் பகுதி வேண்டுமென்று கேட்பவர் தனியாக ஒரு விசையைப் போட வேண்டும்.

இதன் விலை என்ன? 1994இல் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் பொதுப் பணத்தில் ‘விசிபிள் ஹியூமன்’ தரவை வெளியிட்டது. ஒரு மனித உடல் முழுவதும் மெல்லிய அடுக்குகளாக. அடுத்த ஆண்டே லோரன்சன் மார்ச்சிங் கியூப்ஸ் கொண்டு அதிலிருந்து தோலையும் எலும்பையும் எழுப்பிக் காட்டினார். தரவு பொதுச் சொத்து. அதை உருவமாக்க எல்லாரும் அறிந்த மிக நல்ல வழியோ தனிச் சொத்து.

பலர் சுற்றுவழியில் போனார்கள். ஒவ்வொரு கனசதுரத்தையும் ஐந்தோ ஆறோ நான்முகிகளாக உடைத்து, நான்முகிக்கு 16 சேர்க்கைகள் என்று கணக்கிடும் முறை ஒன்று உண்டு. காப்புரிமையிலிருந்து தப்பிக்க அதைக் கையாண்டவர்கள் கூடுதல் முக்கோணங்களைச் சுமந்தார்கள். நினைவகமும் நேரமும் கூடுதலாகச் செலவாயின. நான்முகிக்குக் கணித அளவில் சில நன்மைகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தவர்களில் பலர் கணிதத்துக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை.

2005 ஜூன் 5 அன்று காப்புரிமை காலாவதியானது. அதன்பின் எச்சரிக்கைகள் விலகின. 2015இல் ஷ்ரோடரும் அவருடைய தோழர்களும் ‘ஃபிளையிங் எட்ஜஸ்’ என்ற பெயரில், இன்றைய பல உள்ளகச் செயலிகளுக்கு ஏற்ற விரைவான வடிவத்தை வி.டி.கே.யில் சேர்த்தார்கள். அதற்குத் தனிக் கோப்புறை தேவைப்படவில்லை.

ஒரு படக் கோப்பின் விலை

இரண்டாவது நிகழ்வு அல்காரிதத்தைப் பற்றியதல்ல, வரைந்த படத்தைச் சேமிப்பது பற்றியது. வரைபடக் கருவி எதுவானாலும் கடைசியில் ஒரு படக் கோப்பைத் தர வேண்டும். 1990களில் அந்தக் கோப்பு பெரும்பாலும் ஜிஃப்.

கம்ப்யூசெர்வ் நிறுவனம் 1987இல் ஜிஃப் வடிவத்தை வெளியிட்டபோது, அதற்குள் இருந்த எல்.இசட்.டபிள்யூ. சுருக்க முறைக்கு ஸ்பெர்ரி நிறுவனம் 1985இலேயே காப்புரிமை பெற்றிருந்தது. ஆப்ரஹாம் லெம்பல், ஜேக்கப் ஜிவ் இருவரின் ஆய்வை டெர்ரி வெல்ச் செம்மைப்படுத்திய முறை அது. ஸ்பெர்ரி பின்னர் பரோஸ் நிறுவனத்தோடு இணைந்து யூனிசிஸ் ஆனது. ஜிஃப் உலகெங்கும் பரவிய பிறகு, 1994 டிசம்பர் கடைசியில், ஜிஃப் எழுதும் மென்பொருள்களுக்கு உரிமம் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. 1999 ஆகஸ்டில் யூனிசிஸ் ஒரு படி மேலே போனது. கட்டற்ற மென்பொருளுக்கும் இலவச மென்பொருளுக்கும் கட்டணமின்றிக் கொடுத்திருந்த உரிமங்களை நிறுத்திக்கொண்டது. சில வகை இணையதளங்களுக்கு 5,000 டாலரிலிருந்து தொடங்கும் ஒற்றைக் கட்டணத்தை முன்வைத்தது.

தாமஸ் பூட்டல் எழுதிய ஜி.டி. என்ற சிறு நிரலகம் அன்று இணையத்தில் வரைபடம் போடும் எண்ணற்ற கருவிகளின் அடியில் இருந்தது. 1999இல் அது ஜிஃப் எழுதுவதைக் கைவிட்டு பி.என்.ஜி.க்கு மாறியது. அதை நம்பியிருந்த கருவிகளும் ஒவ்வொன்றாக மாறின. 1986 முதல் அறிவியலாளர்கள் பயன்படுத்திவந்த க்னூபிளாட்டின் பயனர்கள் ஜிஃப் கிடைக்காமல் பி.என்.ஜி.யில் படம் எடுக்கப் பழகினார்கள். வலைப்பின்னல் போக்குவரத்தை நாள்தோறும் வரைந்துவந்த எம்.ஆர்.டி.ஜி.யும் பி.என்.ஜி.க்குப் போனது.

இந்தக் கதையில் நன்மையும் உண்டு. யூனிசிஸ் அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே, 1995 ஜனவரியில், பூட்டல் புதிய வடிவத்துக்கான முதல் வரைவை முன்வைத்தார். 1996 அக்டோபரில் பி.என்.ஜி., இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி. அமைப்பின் பரிந்துரை ஆயிற்று. ஜிஃப் 256 நிறங்களோடு நின்றது, பி.என்.ஜி. கோடிக்கணக்கான நிறங்களையும் படிப்படியான ஒளிபுகு தன்மையையும் தந்தது. வெப்பநிலையை நிறமாகக் காட்டும் படத்துக்கு இந்த வேறுபாடு பெரிது. அதன் சுருக்க முறைக்கு அடிப்படை அதே லெம்பலும் ஜிவும் 1977இல் வெளியிட்ட முந்தைய ஆய்வு.

இதைக் காட்டி, காப்புரிமை நெருக்கியதால்தானே நல்ல வடிவம் பிறந்தது என்று வாதிடுபவர்கள் உண்டு. இழப்பையும் சேர்த்து எண்ண வேண்டும். அன்றைய பி.என்.ஜி.யில் அசைவு இல்லை. நகரும் வானிலைப் படம், நேரத்தோடு மாறும் உருவகப்படுத்தல் ஆகியவற்றுக்கு ஜிஃப் தவிர எளிய வழி இல்லாத காலம் அது. அசையும் பி.என்.ஜி. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் வந்தது 2008இல்தான். பழைய உலாவிகள் பி.என்.ஜி.யின் ஒளிபுகு தன்மையைச் சரியாகக் காட்டவே ஆண்டுகள் பிடித்தன.

இன்னொரு விவரம் இந்தச் சொற்பொழிவின் பொருளுக்கு மிக நெருக்கமானது. யூனிசிஸின் அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூன் 20 அன்று முடிந்தது. ஜி.டி. நிரலகம் அன்றே ஜிஃப்பைத் திரும்பக் கொண்டுவரவில்லை. ஐரோப்பிய நாடுகள், ஜப்பான், கனடா ஆகிய இடங்களில் காப்புரிமை முடியும்வரை மேலும் ஓராண்டு காத்திருந்தது; 2004 ஜூலையில்தான் ஜிஃப் திரும்பியது. காப்புரிமைக்கு நாட்டெல்லை உண்டு. கட்டற்ற கருவியின் ஒரே பிரதி எல்லா நாடுகளுக்கும் போகிறது. ஆகவே மிகக் கடுமையான நாட்டின் சட்டமே எல்லா நாட்டுக்கும் சட்டமாகிவிடுகிறது.

அணைத்து வைத்த விசை

மூன்றாவது நிகழ்வு பலருக்குத் தெரியாதது. கணினித் திரையில் நிறம் வழக்கமாக 0 முதல் 255 வரையிலான முழு எண்களால் குறிக்கப்படும். அறிவியல் தரவு அப்படி அடங்காது. அழுத்தம், திசைவேகம், கதிரியக்க அளவு எல்லாம் பின்னங்கள். அவற்றை அப்படியே வரைகலைச் செயலிக்குள் வைத்துக் கணக்கிட மிதவைப் புள்ளி எண்கள் தேவை. இதற்கு சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் 1998இல் விண்ணப்பித்து 2003 நவம்பரில் 6,650,327 என்ற எண்ணில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது.

ஓப்பன்ஜிஎல் என்ற பொதுத் தரத்தில் இந்த வசதி சேர்க்கப்பட்டபோது, அதன் ஆவணத்திலேயே நிறுவனத்தின் நிலைப்பாடு பதிவாயிற்று: கட்டணமின்றி அனுமதிக்க மாட்டோம், நியாயமான, பாரபட்சமற்ற நிபந்தனைகளில் உரிமம் தருவது பற்றிப் பேசலாம். 2008இல் வந்த ஓப்பன்ஜிஎல் 3.0 தரம் அந்த வசதியைக் கட்டாயமாக்கியது.

ஓப்பன்ஜிஎல்லைக் கட்டற்ற நிரலாகத் தருவது மெசா. வரைகலைச் செயலி இல்லாத சூப்பர் கணினிகளில் பாராவியூ போன்ற காட்சிக் கருவிகள் மெசாவின் தோளில்தான் ஓடும். 2011இல் மெசாவுக்குள் மிதவைப் புள்ளி நிரல் வந்து சேர்ந்தது. ஆனால் அது அணைத்தே வைக்கப்பட்டது. வேண்டுபவர் தம் பொறுப்பில், கட்டும்போது ஒரு விருப்பத்தைத் தட்டச்சு செய்து அதை எழுப்ப வேண்டும். பாராவியூவைச் சூப்பர் கணினிகளில் நிறுவுவதற்கான குறிப்புகளில் அந்த விருப்பம் ஒரு வரியாகவே இடம்பெற்றிருந்தது. அது ஏன் இயல்பாக இயங்கவில்லை என்று தெரியாமலேயே அதைத் தட்டச்சு செய்தவர்கள் பலர். 2018 ஜூனில் காப்புரிமை முடிந்தது. அந்த ஆண்டே விசை நிரந்தரமாகப் போடப்பட்டது.

நியாயமான கட்டணம் யாருக்கு?

மூன்று நிகழ்வுகளிலும் உரிமையாளர்கள் எதையும் மறைக்கவில்லை. யூனிசிஸும் சிலிக்கான் கிராஃபிக்ஸும் கட்டணம் கேட்டன. ஜெனரல் எலெக்ட்ரிக் வணிகப் பயனுக்கு உரிமம் கேட்டது. வணிக நிறுவனத்தின் கண்ணில் இவை சாதாரணக் கோரிக்கைகள்: விற்ற பிரதிகளை எண்ணி, பிரதிக்கு இவ்வளவு என்று கட்டிவிடலாம்.

கட்டற்ற கருவியால் இதைச் செய்ய முடியாது. ஏழ்மை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அதன் அமைப்பு. பிரதிகள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் நகலெடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்பதுதான் உரிமத்தின் சாரம். கணக்கு வைக்க முடியாததற்குக் கணக்குப்படி பணம் கட்டச் சொன்னால், அது எவ்வளவு சிறிய தொகையானாலும் தடை உத்தரவுக்குச் சமம். வணிகப் பயனுக்கு மட்டும் உரிமம் என்ற நிபந்தனையும் அப்படித்தான். வணிகப் பயனைத் தடுக்கும் நிரல் கட்டற்ற மென்பொருள் என்ற வரையறைக்குள்ளேயே வராது. அதனால்தான் வி.டி.கே. அவற்றைத் தனிக் கோப்புறைக்குள் தள்ளியது.

காப்புரிமையை ஆதரிப்பவர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். ஆய்வுக்குப் பணம் செலவாகிறது. காப்புரிமை இல்லாவிட்டால் நிறுவனங்கள் கண்டுபிடிப்பை ரகசியமாக வைத்துக்கொள்ளும். வெளியிடுவதற்கான கைம்மாறுதான் இந்த 20 ஆண்டுகள் என்பது அவர்கள் வாதம். மருந்துக்கும் இயந்திரத்துக்கும் இதில் பொருளிருக்கலாம். மார்ச்சிங் கியூப்ஸுக்கு இல்லை. அதைக் கற்றவர்கள் காப்புரிமை ஆவணத்தைப் படித்துக் கற்கவில்லை. 1987 மாநாட்டுக் கட்டுரையைப் படித்துக் கற்றார்கள். அந்த அட்டவணை ஒரு கட்டுரைக்குள் அடங்கிவிடும். மேலும் 20 ஆண்டு என்பது மென்பொருளில் பல தலைமுறை. மார்ச்சிங் கியூப்ஸுக்கு விண்ணப்பித்தபோது இணையதளம் என்ற ஒன்றே இல்லை. காப்புரிமை முடிந்தபோது கூகுள் மேப்ஸ் வந்துவிட்டது.

சட்டங்கள் எங்கே நிற்கின்றன?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972இல் காட்சாக் எதிர் பென்சன் வழக்கில், எண்களை ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்றும் முறைக்குக் காப்புரிமை மறுத்தது. 1981இல் ரப்பரைப் பதப்படுத்தும் முறை பற்றிய வழக்கில் கதவு திறந்தது. அதற்குப் பின் வந்த காலத்தில் அகலமாயிற்று. மேலே சொன்ன காப்புரிமைகள் எல்லாம் அந்தக் காலத்தவை. 2014 ஜூனில் ஆலிஸ் வழக்கில், ஒரு நுண்கருத்தைக் கணினியில் செய்து காட்டுவதால் மட்டும் அது கண்டுபிடிப்பு ஆகிவிடாது என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஐரோப்பாவில் மென்பொருள் காப்புரிமைக்கு வழிவிடக்கூடிய சட்ட முன்வரைவை 2005 ஜூலை 6 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 648க்கு 14 என்ற வாக்குகளில் நிராகரித்தது.

இந்தியாவின் காப்புரிமைச் சட்டத்தில் 2002 திருத்தம் 3(கே) பிரிவைக் கொண்டுவந்தது. கணித முறை, வணிக முறை, கணினி நிரல் என்ற அளவில் மட்டும் நிற்பவை, அல்காரிதங்கள் ஆகியவற்றுக்குக் காப்புரிமை கிடையாது என்கிறது அது. 2004 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம் இதைத் தளர்த்தியது. 2005இல் நாடாளுமன்றத்தில் அந்தத் தளர்வு நீக்கப்பட்டது. 2015 ஆகஸ்டில் காப்புரிமை அலுவலகம் வெளியிட்ட வழிகாட்டுதல் கதவை மறுபடி திறப்பதாக எதிர்ப்பு கிளம்பவே, அதே ஆண்டு டிசம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது. ‘நிரல் என்ற அளவில் மட்டும்’ என்ற சொற்றொடருக்கு எவ்வளவு தூரம் பொருள் கொள்ளலாம் என்ற வழக்கு இன்றும் ஓய்ந்தபாடில்லை.

இந்தியச் சட்டம் காப்பாற்றும் என்று இங்கிருந்து நிரல் எழுதுபவர் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அந்தக் கருவியை அமெரிக்காவில் விற்றால் அமெரிக்கக் காப்புரிமை பாயும். ஜி.டி. ஓராண்டு காத்திருந்ததற்கும் இதே காரணம்தான்.

செய்யக் கூடியவை

கட்டற்ற மென்பொருள் உலகம் கைகட்டி நிற்கவில்லை. ஐபிஎம் தன் டேட்டா எக்ஸ்புளோரர் என்ற காட்சிக் கருவியை 1999இல் ஓப்பன்டிஎக்ஸ் என்ற பெயரில் திறந்துவிட்டபோது, அதன் உரிமத்திலேயே காப்புரிமை அனுமதியும் அடங்கியிருந்தது. 2004இன் அப்பாச்சி 2.0, 2007இன் ஜி.பி.எல். 3 ஆகிய உரிமங்கள் இதை விரிவாக எழுதிவைத்தன: நிரலைத் தருபவர் அதற்குள் இருக்கும் தம் காப்புரிமையையும் சேர்த்தே தருகிறார். 2017இல் ஃபேஸ்புக்கின் ரியாக்ட் நிரலகத்தோடு ஒட்டியிருந்த தனிக் காப்புரிமை வாசகத்தை அப்பாச்சி அறக்கட்டளை ஏற்க மறுத்தது. இரண்டே மாதங்களில் ஃபேஸ்புக் அதை நீக்கி எம்.ஐ.டி. உரிமத்துக்கு மாறியது. அன்று ரியாக்டின் மேல் கட்டப்பட்டிருந்த வரைபடக் கருவிகள் ஏராளம். சேர்ந்து மறுத்தால் பலன் உண்டு என்பதற்கு அது சான்று.

இந்த அவையில் இருக்கும் பொறியியல் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மூன்று வேண்டுகோள்கள். கல்லூரித் திட்டமாக எழுதிய காட்சிக் கருவியை வெளியிடும்போது, காப்புரிமை அனுமதி எழுதப்பட்ட உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள். புதிய முறை ஒன்றைக் கண்டால் தேதியோடு பொதுவில் வெளியிடுங்கள். வெளியான பிறகு வேறொருவர் அதற்கு உரிமை கோருவது கடினம். மூன்றாவது வேண்டுகோள் சற்று உழைப்புக் கேட்பது. இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இதழ் வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகிறது; விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்து அதில் வரும். சட்டத்தின் 25(1) பிரிவின்படி, காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்பு எவரும் எதிர்ப்பைப் பதிவு செய்யலாம். பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை. கணித முறையை மென்பொருள் என்ற போர்வையில் கோரும் விண்ணப்பம் கண்ணில் பட்டால், அது வழங்கப்படும் முன்பே எதிர்ப்பை எழுதிக் கொடுங்கள்.